உழைத்தவரின் சேமலாபம் ஒரே வயலிலா?



ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. இன்று ஊழியரின் வேதனத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில் தருநரிடமிருந்து 12 வீதமும் மாதந்தோறும் அதனைச் சேருகின்றன. இது எவரும் இட்ட பிச்சையன்று; முதுமைக்கென ஒதுக்கிவைத்த கூலி. இதனை முதலிடும் பொறுப்பு மத்திய வங்கியிடம் உள்ளது. மிகப் பெரும் பகுதி திறைசேரி முறிகளாகவே, அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனாகவே இருக்கிறது.

கடன் பெற்றவர் ஒருவரேயானால் நேர்வது யாது? 2022இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டே விலைவாசி ஏற்றம் 60 வீதத்தைக் கடந்து, சேமிப்பின் பெறுமதியைத் தின்றது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் முறிகள் தப்பின. சேமலாப நிதியத்தின் முறிகளோ நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டன. மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும் என்பது நிபந்தனை! இது சம்மதமா, நிர்ப்பந்தமா?

எங்கள் கமக்காரர் வெங்காயத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. புகையிலையும் மரவள்ளியும் நடுகிறார். ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும். நெடுஞ்சாலை, மின்னிலையம், கட்டிடம், பங்குச் சந்தைக்கு வராத கம்பனிகள் ஆகியவற்றில் இடும் மாற்று முதலீடுகளின் நியாயமும் இதுவே. கனடாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓய்வூதியப் பணத்துக்கெனத் தனி முதலீட்டுச் சபை எழுந்தது. அமைச்சர்களின் கைக்கெட்டாது இயங்கும் அச்சபை, ஒன்ராறியோவின் 407ஆம் இலக்க நெடுஞ்சாலையிலும் பங்கு வாங்கியது.

ஆயினும், மாற்று என்பதெல்லாம் மேன்மையன்று. கலிபோர்னியா அரச ஊழியரின் ஓய்வூதிய நிதியம், ஹெட்ஜ் நிதிகளில் இட்டிருந்த ஏறத்தாழ 400 கோடி டொலரை மீட்க 2014இல் தீர்மானித்தது. செலவும் சிக்கலும் மிகுந்தன என்பதே காரணம். மேலும், பனை விதைத்தவர் அடுத்த போகத்தில் நுங்கு வெட்ட இயலாது. இத்தகைய முதலீட்டை நினைத்தவுடன் விற்றுக் காசாக்க முடியாது. நாளை ஓய்வுபெறுவோருக்குரிய பணத்தை அதில் முடக்குவது அநீதி.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மாற்று முதலீடு சிறு வீதத்தில் தொடங்கி, சட்ட வரம்புக்குள் வளரட்டும். வாங்கிய விலையும் கொடுத்த தரகும் பகிரங்கமாகட்டும். தீர்மானிக்கும் சபையில் தொழிலாளர் பிரதிநிதிகள் அமரட்டும். இவை மூன்றும் இன்றேல், வயல் பலவானாலும் வேலி இராது. பணம் எவருடையதோ, கணக்குக் கேட்கும் உரிமையும் அவருடையதே!