ஆவிகளைப் பகுத்தறிதல்



பசாசு கொம்பும் வாலுமாக வந்தால் நாம் யாரும் ஏமாறமாட்டோம். ஜெபமாலையும் கையுமாய் வரும்போதுதான் ஆபத்து. புனித இஞ்ஞாசியார் இதைப் பட்டறிந்தவர். 1522-ல் அவர் மன்ரேசா நகரில் தங்கியிருந்தபோது, இரவு படுக்கப்போகும் வேளையில் பெரும் ஞான ஆறுதல்கள் வரும். இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும். பகலெல்லாம் ஆண்டவரோடு பேச நேரமிருக்க, தூங்கும் நேரத்தில் இவை ஏன் வரவேண்டும் என்று யோசித்துப் பார்த்துத் தூங்கிவிட்டார்.

பிற்பாடு பார்சலோனாவில், முப்பது வயது கடந்தபின் லத்தீன் இலக்கணம் படித்தார். மனனம் செய்ய உட்கார்ந்தால் போதும், ஞான வெளிச்சங்கள் பொங்கி வரும். ஜெபத்திலும் பூசையிலும் வராதது பாடவேளையில் ஏன் வருகிறது?

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. காய்ச்சலில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி வைக்காமல் முழு இரவு ஜெபத்துக்கு ஓடச் சொல்லும் ஏவுதல் யாருடையது? (ஜெபத்தை நாம் குறை சொல்லவில்லை, கஞ்சி என்னவாயிற்று என்றுதான் கேட்கிறோம்.)

இஞ்ஞாசியார் அதை மனதுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்து உள்ளதையெல்லாம் சொன்னார். உண்ண ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டும் வகுப்புக்குத் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அவரை அண்டவில்லை.