பால் லாரியும் பட்டணத்துச் சாலையும்

பட்டணத்துச் சாலைகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம். ஆனால் பேச்சை நம் தோட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

ரப்பர் மரம் வெட்டிய குடும்பங்கள் இதை அறியும். நூறு பேர் பால் எடுத்தாலும் நூறு வண்டிகள் தொழிற்சாலைக்குப் போவதில்லை. குறித்த நேரத்துக்குள் எல்லாரும் வாளிகளோடு பால் நிறுக்கும் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். கிராணியார் எழுதிக்கொள்வார். ஒரே லாரி அத்தனை பாலையும் ஏற்றிச் செல்லும். பிந்தினால் பால் உறைந்துபோகும். பிந்தி வந்தவருக்கு மண்டோரிடம் கிடைக்கும் வரவேற்பை நாம் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

பட்டணத்துக் கடைத்தெருவில் நடப்பதோ வேறு. காலை எட்டு மணிக்கு மளிகைக் கடை வாசலில் அரிசி லாரி நிற்கும். அதன் பக்கத்திலேயே முட்டை லாரி. அதற்கும் பின்னால் பிஸ்கட் வேன். பாதி வண்டிகள் பாதிச் சுமையோடு வந்தவை. இவை இறக்கி முடிக்கும்வரை ஐம்பது பேர் இருக்கும் பஸ் காத்துக் கிடக்கிறது. சாலையை அகலமாக்கினால் போதும் என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அகலமாக்கிய சாலையிலும் சில ஆண்டுகளில் அதே நெரிசல்தான். ஒரு வண்டி எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நிறைந்து வருகிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

இந்தக் கணக்கைச் சிங்கப்பூர் 1975 ஜூன் 2-ஆம் தேதி தொடங்கியது. காலை 7.30 முதல் 9.30 வரை நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார், நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டி அனுமதிச் சீட்டு ஒட்ட வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை. பஸ்ஸுக்கும் இல்லை. அந்த நேரத்தில் கார்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மனிதர் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டுமே! பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றி நான்கு பேர் கணக்கைச் சரிசெய்தவர்கள் பலர். 9.30 அடிக்கக் காத்திருந்து நுழைந்தவர்களும் உண்டு. அதனால் ஆகஸ்டு மாதமே நேரம் 10.15 வரை நீண்டது. நகர ஓரத்தில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகட்டும் என்று கட்டிய நிறுத்துமிடங்கள் மட்டும் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. பாதி வழியில் இறங்கி மாறுவதை யார்தான் விரும்புவார்?

சரக்கு லாரிகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. சரக்கு நின்றால் கடையும் நிற்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் லாரி பிடிக்கும் இடமும் அதே சாலைதானே. 1989-இல் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டணம் வந்தது. நால்வர் காருக்கு இருந்த விலக்கும் போயிற்று. 1998-இல் சீட்டு முறை மறைந்து மின்னியல் கட்டண முறை வந்தது. கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுவதால், முதலாளி லாரியை எப்போது அனுப்புவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் இன்னொரு ஏற்பாடு. முன்பெல்லாம் நமக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து நாம் வாங்கிக்கொள்வோம். தபால்காரர் லயம் லயமாக அலையவில்லை. சிங்கப்பூரில் 2021 முதல் குடியிருப்புகளுக்கு அருகே பொதுப் பெட்டகங்கள் வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்துப் பொட்டலமானாலும் அதில் வைத்துவிட்டுப் போகலாம். வீடு வீடாக வேன் ஏறி இறங்கும் வேலை குறைகிறது.

இதெல்லாம் பட்டணத்தார் விஷயம் என்று விட்டுவிட முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போவது அங்கேதானே. 1972-இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் தொடங்கிய பிறகு, விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஆட்களை ஏற்றிச் சென்றது. நம் பால் லாரி முறைதான் அது. பஸ் வராத இடத்தில் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். லாரிக்கும் காருக்கும் நடுவே, இருட்டில், மழையில் போய் வருகிறார்கள். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கோலாலம்பூர் – கிள்ளான் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே அவர்களுக்குத் தனிப்பாதை போட்டார்கள். எல்லாச் சாலையிலும் அது இல்லை.

ஆகவே மகனுக்கோ மகளுக்கோ பட்டணத்தில் வேலை கிடைத்தால், மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி பஸ் உண்டா? இரவு வேலை முடியும் நேரத்திலும் உண்டா? இல்லையென்றால், அதே பக்கமிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருபது பேர் சேர்ந்து கேட்டால் பஸ் விட யோசிப்பார்கள். ஒருவர் கேட்டால் விடமாட்டார்கள்.