சுங்கை நிப்பா கற்பித்த பாடம்



நமது நெகிரி செம்பிலானில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் இன்று உலகத்து மருத்துவ நூல்களில் எல்லாம் இடம்பெற்றிருக்கிறது. ஒரு நோய்க்கிருமிக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். போர்ட்டிக்சன் மாவட்டத்தில், புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் உள்ள சுங்கை நிப்பாதான் அந்த ஊர். அங்கே நடந்ததை நாம் அறிந்துவைத்திருப்பது நம் குடும்பங்களுக்கு நல்லது.

1998 செப்டம்பர் இறுதியில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் சிலர் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் கண்டு படுத்தார்கள். பிறகு மயக்கம்; சிலர் கண் விழிக்கவே இல்லை. அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகள் லோரி ஏறி நமது மாநிலத்துக்கு வந்தன. நோயும் கூடவே வந்தது.

முதலில் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆசிய நாடுகள் பலவற்றில் காணும் நோய் அது. பன்றியின் உடலில் பெருகும் அந்தக் கிருமியைக் கொசு மனிதனுக்குக் கொண்டுவருகிறது. சில நோயாளிகளின் இரத்தத்திலும் அதன் அடையாளம் தென்பட்டது. ஆகவே கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை.

ஊரில் இருந்தவர்களின் கண்ணுக்கு வேறு சில செய்திகள் தெரிந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கோ படுத்தவர்கள் பெரும்பாலும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களையும் அதே கொசுதான் கடித்தது. அவர்களுக்கு இந்த நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே தொலைவுக்குக் கேட்கும்படி இருமின. சில செத்தும் விழுந்தன. கொசுக் காய்ச்சலில் வளர்ந்த பன்றிகள் இப்படிச் சாவதில்லை.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியை ஆராய்ந்தார். அது பழைய கிருமி அல்ல என்று கண்டு, அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற கிருமிக்கு இது உறவு என்பது அங்கே தெளிவாயிற்று. உடனே வழி மாறியது. பன்றிகளை இடம் மாற்றுவதைத் தடுத்தார்கள்; சுமார் 10 லட்சம் பன்றிகளை அழித்தார்கள். நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டுபோனார்கள். பிழைப்பை இழந்த குடும்பங்கள் எத்தனையோ.

இந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது பின்னர் தெரியவந்தது. பண்ணையோரத்துப் பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக் கொட்டகையில் விழுந்திருக்கிறது.

நேயர்களே, இனி வங்காள தேசத்தைப் பாருங்கள். 2001இல் அங்கேயும் இதே நிப்பா வந்தது. ஆனால் அங்கே பன்றி வழியாக வரவில்லை. ஈச்சமரத்தில் இரவில் கட்டிய பானையில் வௌவால் வாய் வைத்தது. விடிந்ததும் அந்தச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்கள் நோயுற்றார்கள். அங்கே பன்றிகளை அழித்திருந்தால் என்ன பயன்? மூங்கில் தட்டி கட்டிப் பானையை மறைப்பதே அந்த ஊருக்கு ஏற்ற காவல். 2018இல் கேரளத்துக் கோழிக்கோட்டிலோ, நோயாளியின் அருகில் இருந்தவர்களுக்கே அதிகம் தொற்றியது.

கிருமி ஒன்றுதான்; அது நுழையும் வாசல் ஊருக்கு ஊர் வேறாக இருக்கிறது. கிருமி எது என்று சொல்ல உலகத்து ஆய்வுக்கூடம் வேண்டும். அது எந்த வாசலால் வந்தது என்று சொல்ல ஊரில் வாழ்பவர்கள் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று பயன் தராது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. காய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்குப் போனால், மாத்திரை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிவிடக் கூடாது. என்ன வேலை செய்கிறோம், ஆடு மாடு, பன்றி ஏதேனும் நோயுற்றதா, லயத்தில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். படிக்காதவர் சொல்லை யார் கேட்பார்கள் என்று தயங்க வேண்டாம். நம் கண் கண்டது அவருக்குத் தேவை.

பறவையோ வௌவாலோ கடித்த பழத்தைப் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்வோம். மற்றப் பழங்களைக் கழுவித் தின்போம். இரவு முழுவதும் திறந்து கிடந்த பானையின் கள்ளைக் குடிக்க வேண்டாம். நோயுற்ற விலங்கை வெறுங்கையால் தொட வேண்டாம். அதற்காக வௌவால்களைக் கொல்லவும் வேண்டாம். நம் டுரியான் மரங்கள் காய்ப்பதற்கு அவை உதவுகின்றன.

இன்னொன்று. சுங்கை நிப்பாவில் புகை பலிக்கவில்லை என்பதால் புகை அடிப்பதே வீண் என்று எண்ணிவிடக் கூடாது. டிங்கிக் காய்ச்சலுக்குக் கொசுதான் காரணம். அதற்குப் புகையும் வேண்டும். தேங்கிய நீரை நாமே கொட்டிக் கவிழ்ப்பதும் வேண்டும். தடுப்பூசியும் அப்படியே, அது எந்த நோய்க்கென்று ஏற்பட்டதோ அந்த நோயைத் தடுக்கும்.

நோய்க்கு ஏற்ற மருந்து, ஊருக்கு ஏற்ற காவல். இதை அறிய நமது மாநிலத்து மக்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த விலை வீணாகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.