பிளாட்டினத்துக்கு மாற்றாகக் கரி

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



2024 ஜனவரியில், இந்நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய எரிபொருள் மின்கலம், பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில் அமர்ந்து, 350 கிலோமீட்டர் உயரத்தில் 180 வாட் மின்சாரம் அளித்தது. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து மின்சாரமும் நீரும் தருவதே இதன் இயக்கம். விண்ணில் இயங்கும் ஒன்று பேருந்திலும் படகிலும் பரவ வேண்டுமாயின், அதன் விலை குறைந்தாக வேண்டும்.

விலையை உயர்த்தும் காரணங்களுள் முக்கியமானது பிளாட்டினம். ஹைட்ரஜன் எளிதில் வினைபுரிகிறது. ஆக்ஸிஜன் மூலக்கூறின் பிணைப்போ எளிதில் முறிவதில்லை. ஆகவே ஆக்ஸிஜன் மின்முனைக்கே இவ்வினையூக்கி அதிகம் தேவைப்படுகிறது. நாமோ பிளாட்டினத்துக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறோம்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுவது நுண்துளைக் கரி. கரியின் கட்டமைப்பில் நைட்ரஜன் அணுக்களைப் புகுத்தினால், அவை எலெக்ட்ரான்களைத் தம்பால் ஈர்க்கின்றன. அருகிலுள்ள கரி அணுக்கள் ஆக்ஸிஜனைப் பற்றும் திறன் பெறுகின்றன. சிறு துளைகள் வினைக்கு இடமளிக்கின்றன. பெரிய துளைகள் வாயுவுக்கு வழிவிடுகின்றன. நைட்ரஜன் ஏற்றிய கரி நுண்குழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தையும் விஞ்சக்கூடும் என்பதை 2009இல் அமெரிக்காவில் லிமிங் டாய் குழுவினர் காட்டினர்.

கேரளத்தில் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து கிடைக்கும் கிளர்வூட்டிய கரியை நாடு ஏற்றுமதி செய்கிறது. அதே கரியை யூரியா போன்ற நைட்ரஜன் சேர்மங்களுடன் கலந்து, காற்றின்றி உயர் வெப்பத்தில் சூடேற்றினால் வினையூக்கி ஆக்கலாம். மூலப்பொருளாக விற்பதைவிட, மின்முனையாக மாற்றி விற்பதே கூடுதல் வருவாய்க்கு வழி.

ஆயினும் மிகையான நம்பிக்கை கூடாது. விண்ணில் இயங்கியது போன்ற அமிலவகை மின்கலங்களில் இக்கரியின் ஆற்றல் பெரிதும் குன்றுகிறது. இரும்பு அணுக்களைச் சேர்த்தால் ஆற்றல் உயர்கிறது, ஆனால் நீடித்து உழைப்பதில்லை. சிரட்டையின் சாம்பற் சத்தும் இடத்துக்கிடம் மாறுபடும். எனவே துத்தநாக–காற்று மின்கலம் போன்ற காரவகைச் சாதனங்களில் தொடங்குவதே விவேகம்.

மாணவர்களே, முதல்நாள் அளவீட்டுடன் ஆய்வை முடித்துவிடாதீர்கள். நிதி ஒதுக்கும் அலுவலர்களே, எத்தனை மணி நேரம் தளராது உழைத்தது, அடுத்த தயாரிப்பிலும் அதே தரம் கிட்டியதா என்ற இரு வினாக்களை எழுப்புங்கள். தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023இல் ரூ.19,744 கோடி அனுமதிக்கப்பட்டது. ஹைட்ரஜன் இங்கே உற்பத்தியாகி, அதைப் பயன்படுத்தும் மின்முனை மட்டும் வெளிநாட்டிலிருந்து வருமாயின், நமது தற்சார்பு பாதியிலேயே நின்றுவிடும்.