அந்த வருஷம் முறுக்கு சுடல

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக்ல பேசிப் பழக்கமில்ல. எழுதி வச்சுக்கிட்டுதான் பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க ஊக்குநர் அக்கா, "உங்க வீட்டுப் பண்டிகையைப் பத்திப் பேசு, எல்லாரும் கடன் வாங்கி ஆடு வளத்தேன், தையல் மிஷின் வாங்கினேன்னுதான் பேசப் போறாங்க"ன்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல கிறிஸ்துமஸ். அதுலயும் 2024-ஆம் வருஷத்து கிறிஸ்துமஸ் காலையைப் பத்தித்தான் எனக்குப் பேசணும்னு தோணுச்சு.

முதல்ல எங்க வீட்டைப் பத்தி சொல்லிடுறேன். நான் பொறந்தது சிதம்பரத்துக்கு மேற்க, வீராணம் தண்ணி பாயிற ஊரு. நடராஜர் கோவில் தேர்த் திருவிழாவுக்கு அப்பா தோள்ல உக்காந்து போனவ. கட்டிக்கிட்டு வந்தது கடலூர்ல பெண்ணையாத்துக் கரை ஊருக்கு, லுத்தரன் சபைக் குடும்பத்துக்கு. ஆற்காடு லுத்தரன் திருச்சபைன்னு சொல்லுவாங்க, டென்மார்க்லேருந்து வந்த மிஷனரிங்க ஆரம்பிச்சது, நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. தலைமை ஆபீஸே கடலூர்லதான் இருக்கு. நாங்களா பார்த்து முடிச்சுக்கிட்ட கல்யாணம். அதனால எங்கப்பா நாலு வருஷம் பேசல. பெரியவ பொறந்த பிறகு வர ஆரம்பிச்சார். வருவார், திண்ணைல உக்காருவார், பேத்தியைக் கொஞ்சுவார், செம்புல தண்ணி வாங்கிக் குடிப்பார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு கிளம்பிடுவார். ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்ல. எதுக்குன்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. இங்க இருக்கிற எல்லாருக்கும் அது எதுக்குன்னு தெரியும்.

டிசம்பர் மாசம்னாலே கடலூர்க்காரங்களுக்கு வயித்துல புளி கரைக்கும். 2004-ல சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்துச்சு. 2011-ல தானே புயல் டிசம்பர் 30-ஆம் தேதி விடிகாலைல அடிச்சு பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. 2015-ல வெள்ளம். 2024-ல ஃபெஞ்சல் புயல். அது நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. காத்து ஓஞ்சிடுச்சுன்னு நாங்க நிம்மதியா இருந்தோம். அப்புறம்தான் சாத்தனூர் அணைல திறந்த தண்ணி பெண்ணையாத்துல வந்துச்சு. மாமாவை முதுகுல தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனார். நான் சின்னவனை இடுப்புல வச்சுக்கிட்டு, தலைல குழுவோட தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுப் புத்தகத்தையும் ஒரு மஞ்சப் பைல வச்சுக்கிட்டுப் போனேன். அந்த வருஷம் நான்தான் பிரதிநிதி. அப்படியும் நனைஞ்சு போச்சு. பிறகு வெயில்ல காய வச்சு, மை கரைஞ்ச இடத்துல எல்லாம் ஆளாளுக்கு ஞாபகத்துலேருந்து சொல்லி எழுதினோம். பதினாலு பேரும் அவங்கவங்க கடனை அவங்கவங்களே சரியாச் சொன்னாங்க. அதை இந்த மேடைல சொல்லியே ஆகணும்.

வீட்டுக்குத் திரும்பி வந்தா முழங்கால் அளவு வண்டல். அரிசி மூட்டை முளை விட்டுப் போச்சு. குடில் பொம்மைங்க மண்ணுதானே, கரைஞ்சு மாட்டுக்கு ஒரு கால், யோசேப்புக்கு ஒரு தலைன்னு கிடந்துச்சு. அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாய் குடுத்தாங்க. குழு சேமிப்புலேருந்து ரொம்ப அடிபட்ட ஒன்பது வீட்டுக்கு ஐயாயிரம் ஐயாயிரம் உள்கடன், ஒரு ரூபா வட்டிக்கு, முதல் மாசம் தவணை கட்ட வேண்டாம்னு தீர்மானம் போட்டோம். எழுதினது நனைஞ்ச அந்தப் புத்தகத்துலதான்.

இப்ப நான் ஒரு உண்மையைச் சொல்றேன். அதுக்கு முந்தின வருஷ கிறிஸ்துமஸுக்கு நான் குழுவுக்குத் தெரியாம வெளியில ஒரு கம்பெனில இருபதாயிரம் வாங்கியிருந்தேன். எல்லாருக்கும் புதுத் துணி, நாத்தனாருங்க ரெண்டு பேர் குடும்பத்துக்கும் துணி, நாலு கிலோ ஆட்டுக்கறி, கேக்கு, வாசல்ல சீரியல் லைட்டு. வாரா வாரம் கட்டணும். வண்டல்ல நின்னு வாசலைக் கழுவிக்கிட்டிருக்கும்போது தவணை வாங்குற தம்பி பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து நின்னான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்கும் வேலை. ஆனா போன கிறிஸ்துமஸுக்கு வாங்கின பாவாடை சட்டை தண்ணில போயிடுச்சு, அதுக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி. அன்னிக்கு ராத்திரிதான் அத்தைகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். "இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்டி. கோயிலுக்குப் போவோம், வருவோம், இட்லி சுடுவோம்"னு சொன்னாங்க.

அப்படித்தான் ஆரம்பிச்சுது.

நாத்தனாருங்களுக்கு போன் போட்டு அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லிட்டோம். எங்கம்மா மட்டும், "நாங்க வரோம்"னு ஒத்தக் கால்ல நின்னாங்க. 24-ஆம் தேதி சாயங்காலம் சிதம்பரத்துலேருந்து பஸ் ஏறி அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினாங்க. அப்பா தோள்ல அரை மூட்டை அரிசி, சொந்தக் கழனி நெல்லு. அம்மா கைல ஒரு பை கத்தரிக்காய், ஒரு டப்பா கோலமாவு. கடைசி பஸ் போயிடுச்சுன்னு அப்பா அன்னிக்குத்தான் முதல் தடவையா எங்க வீட்டுல படுத்தார். கடைசி பஸ் போகல. எனக்கு டைம் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல.

மார்கழி மாசம் எங்கப்பா நாலு மணிக்கு எழுந்திருச்சுப் பழகினவர். அன்னிக்கும் எழுந்து, யாரையும் எழுப்பாம, கொல்லைப்புறத்துல அடுப்பு மூட்டி எல்லாருக்கும் வெந்நீர் போட்டிருந்தார். கோயில் மணி அடிச்சதும், "உங்க ஊர்லயும் இந்நேரத்துக்கே கூப்பிடுறாங்களே"ன்னார். நாங்க அதிகாலை ஆராதனைக்குப் போயிட்டு வந்தோம். திரும்பி வந்து மாமா, "இன்னிக்கு ஐயர் நல்லா சுருக்கமா பிரசங்கம் பண்ணினார்"னு சொன்னதும் எங்கப்பா முழிச்ச முழி இருக்கே! லுத்தரன் சபைல போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். எனக்கே கல்யாணம் ஆன புதுசுல அது புரிய ஆறு மாசம் ஆச்சு. தீட்சிதருங்க ஊர்க்காரருக்கு எப்படி இருந்திருக்கும்?

நாங்க வரதுக்குள்ள அம்மா வாசல் முழுக்கக் கோலம் போட்டு வச்சிருந்தாங்க. பதினைஞ்சு புள்ளி, நடுவுல நட்சத்திரம். வண்டல் காஞ்ச தரைல வெள்ளைக் கோலம் எடுப்பா இருந்துச்சு. மேல மாமா கட்டின நட்சத்திரம். மூங்கில் சிம்பு கட்டி, என்னோட பழைய மஞ்சள் புடவையைக் கிழிச்சு ஒட்டினது. சீரியல் லைட்டு இல்ல, உள்ள ஒரு குண்டு பல்பு.

பிள்ளைங்க வண்டலைப் பிசைஞ்சு குடில் பொம்மை செஞ்சிருந்தாங்க. பெரியவ மரியாளும் யோசேப்பும் குழந்தையும் செஞ்சா. பத்து நாளைக்கு முன்னாடியே கொட்டாங்குச்சில கேழ்வரகு முளைக்க வச்சிருந்தா, அதுதான் புல்லு. சின்னவன் அஞ்சு மாடு செஞ்சுட்டு, கூட ஒரு டிராக்டரும் செஞ்சு முன்னணைக்குப் பக்கத்துல நிறுத்திட்டான். அவ எடுத்துப் போட, அவன் கொண்டுவந்து வைக்க, ஒரே சண்டை. கடைசில எங்கப்பா, "இருக்கட்டும்மா, சாமிக்கு வைக்கோல் எதுல வரும்?"னு கேட்டார். டிராக்டர் நின்னுடுச்சு.

காலைச் சாப்பாடு இட்லி. எப்பவும் கறிக்குழம்பு இருக்கும். அன்னிக்கு எங்கம்மா சிதம்பரம் கொத்சு வச்சாங்க. கத்தரிக்காயை நல்லெண்ணெய்ல வதக்கி, மசிச்சு, புளி விட்டு, கொத்தமல்லி விதையும் மிளகாயும் வறுத்து அரைச்ச பொடி போட்டுக் கொதிக்க வைக்கிறது. எங்க ஊர்ல சம்பா சாதத்துக்கும் இட்லிக்கும் அதுதான். அத்தை பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க, உப்பு மட்டும் ரெண்டு தடவை பார்த்தாங்க. பிறகு எல்லாருக்கும் தரைல தட்டு போட்டோம். எங்கப்பா திண்ணைல இருந்தார். நான் கூப்பிடல. எனக்குக் கூப்பிடப் பயம். சின்னவன் போய், "தாத்தா, டிராக்டர்காரரு வந்து சாப்பிடணுமாம்"னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தான். அப்பா மாமாவுக்குப் பக்கத்துல உக்காந்தார். அத்தை அவங்க கையால நாலு இட்லி வச்சாங்க. சாப்பிட்டார். இன்னும் மூணு கேட்டு வாங்கினார். கொத்சுல உப்பு கொஞ்சம் கூடன்னு எங்கம்மாவைச் சொன்னார். நான் தண்ணி எடுத்துக்கிட்டு வரேன்னு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் பதினோரு மணி வரைக்கும் எங்க வீட்டுல யாரும் ஒரு வேலையும் செய்யல. அக்காங்களே, இதை நீங்க நம்பணும். பண்டிகை நாள்ல நான் எப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருப்பேன். கறி கழுவி, மசாலா அரைச்சு, வந்தவங்களுக்கெல்லாம் இலை போட்டு, நான் சாப்பிட உக்காரும்போது மத்தியானம் மூணு மணி. புதுப் புடவையைச் சாயங்காலம்தான் கட்டுவேன். அன்னிக்கு அத்தை சுவத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. "இந்த வீட்டுக்கு வந்து நாப்பது வருஷமாச்சு. கிறிஸ்துமஸ் காலைல நான் உக்காந்தது இதான் முதல் தடவை"ன்னாங்க. எங்கம்மா, "எனக்குப் பொங்கலும் அப்படித்தான்"னாங்க. சின்னவன் மாமா மடில தூங்கிட்டான். எங்கப்பாவும் மாமாவும் உரமூட்டை விலை, மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் எதுல நட்டம் கம்மின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. சம்பந்தி ஆகிப் பத்து வருஷம் கழிச்சு.

அப்பத்தான் பெரியவ கேட்டா. "ஆயா, எப்பவும் முதல்ல சுடுற முறுக்கைத் தனியா எடுத்து மூடி வைப்பியே, அது யாருக்கு?"

நானும் பதினோரு வருஷமா பார்த்திருக்கேன். சாமிக்கு வைக்கிறாங்கன்னு நினைச்சேன், கேட்டதில்ல. வேலை செய்யுற அவசரத்துல யார் கேக்குறது?

அத்தை சொன்னாங்க. அந்தக் காலத்துல தேவனாம்பட்டினத்துலேருந்து ஒரு மீன்காரம்மா கூடை தூக்கிக்கிட்டு வருவாங்களாம். கடனுக்கும் மீன் குடுத்துட்டுப் போவாங்களாம். கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் கூடை இல்லாம, தலைக்குப் பூ வச்சுக்கிட்டு, பலகாரத்துக்காக வருவாங்களாம். 2004-லயும் வந்தாங்க. அத்தை அவங்க கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தூக்குல முறுக்கும் சுழியமும் போட்டுக் குடுத்தாங்க. "தூக்கை நாளன்னிக்குக் கொண்டாரேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. மறுநாள் ஞாயித்துக்கிழமை. காலைல கடல் வந்துடுச்சு. நம்ம மாவட்டத்துல மட்டும் அறுநூறு பேருக்கு மேல போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு மாமா தேவனாம்பட்டினம் போய்த் தேடினார். "யாரைத் தேடுறீங்க, பேரு என்ன"ன்னு கேட்டாங்க. மாமாவுக்குப் பேரு தெரியல. அத்தைக்கும் தெரியல. இருவது வருஷம் மீன் வாங்கியிருக்காங்க, மீன்காரம்மான்னுதான் கூப்பிட்டிருக்காங்க.

"இருக்காளோ இல்லையோ, அதுகூடத் தெரியாது. இந்த வருஷம் அவளுக்கு எடுத்து வைக்க முறுக்கும் இல்ல"ன்னு அத்தை சொன்னாங்க. யாரும் பேசல. எங்கம்மா எழுந்து போய் டீ போட்டுக்கிட்டு வந்தாங்க.

மறுநாள் சுனாமி வந்து இருவது வருஷம். டிசம்பர் 26-ஆம் தேதி கடற்கரைல ஜனங்க கடலுக்குப் பால் ஊத்திப் பூ போடுவாங்க. இத்தனை வருஷத்துல அத்தை ஒரு தடவையும் போனதில்ல, வீட்டுல விருந்தாளி இருப்பாங்க, பாத்திரம் குமிஞ்சு கிடக்கும். அன்னிக்கு வேலையும் இல்ல, விருந்தாளின்னு எங்கம்மா அப்பாதான். எங்கம்மாவே, "வாங்க அண்ணி, போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோல சாமந்திப் பூ வாங்கிக்கிட்டுப் போனாங்க. என்ன பேசினாங்க, என்ன பண்ணினாங்கன்னு ரெண்டு பேருமே சொல்லல. வரும்போது மஞ்சக்குப்பத்துல ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கிட்டு வந்தாங்க. எங்கம்மா முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த காசு.

கம்பெனிக் கடன் ஏப்ரல்ல முடிஞ்சுது. குழுல இப்ப தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கல் எதுவா இருந்தாலும் வாரம் இருபது ரூபா தனியா எடுத்து வைக்கிறோம், அவங்கவங்க பண்டிகைக்கு முந்தின வாரம் வாங்கிக்கிறாங்க. அது பத்தி எங்க ஊக்குநர் அக்கா தனியாப் பேசுவாங்க.

அந்தத் தூக்குலதான் இப்ப எங்க குழுக் கூட்டத்துக்கு டீ வருது. அத்தையே கொண்டு வராங்க. கூட்டம் முடிஞ்சதும் கையோட வாங்கிக்கிட்டுத்தான் போவாங்க, நாளைக்குக் குடுக்கிறேன்னு சொன்னா விட மாட்டாங்க.