ரெஃபரல் யாருக்குக் கிடைக்கிறது?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மென்பொருள் துறையில் இன்று என்ன நடக்கிறது' என்று பேசச் சொன்னீர்கள். செயற்கை நுண்ணறிவு, ஆள்குறைப்பு, எந்த மொழியில் கோடிங் படித்தால் வேலை கிடைக்கும் என்பதையெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ரெஃபரல்.

முதலில் என் கதை. நான் முதல் பட்டதாரி. கட்டணச் சலுகையும் கல்வி உதவித்தொகையும் இல்லையென்றால் பொறியியல் படித்திருக்க மாட்டேன். 2015இல் கேம்பஸ் தேர்வில் வேலை கிடைத்து ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் வாரம் மேலாளர் கேட்டார்: "அப்பா என்ன பண்றார்?" "ரைஸ் மில்" என்றேன். "ஓ, சொந்த மில்லா?" என்றார். நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் அப்பா அந்த மில்லில் மூட்டை தூக்கியவர். அந்தச் சிரிப்பை மூன்று வருடம் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது வருடம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன் செய்தான். "அக்கா, உங்க கம்பெனில ஒரு ரெஃபரல் போட முடியுமா?" என்னைவிட நன்றாக கோடிங் தெரிந்தவன். ரெஸ்யூமை அனுப்பினான். அதில் முகவரி இருந்தது, முகவரியில் 'காலனி' என்று இருந்தது. ரெஃபரல் படிவத்தில் 'இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று ஒரு கேள்வி. ஒரே தெரு என்று எழுத வேண்டும். எழுதினால் ரைஸ் மில் கதை முடிந்துவிடும்.

"இப்போ ஆள் எடுக்கலடா" என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம் எங்கள் டீமுக்கு மட்டும் நான்கு பேரை ரெஃபரலில் எடுத்தார்கள்.

வேலையை விட்டு ஆய்வுக்கு வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையையே ஆய்வுப் பொருளாக எடுத்ததற்குக் காரணம் அந்த ஒரு போன் கால்தான்.

ரெஃபரல் என்பது என்ன? ஓர் ஊழியர் தனக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை. நிறுவனத்துக்கு விளம்பரச் செலவு மிச்சம், நம்பகமான ஆளும் கிடைக்கிறார். இதில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 'தெரிந்தவர்' என்ற சொல்லில் இருக்கிறது. நமக்கு யாரைத் தெரியும்? கூடப் படித்தவர், பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், கல்யாண வீட்டில் சந்தித்தவர். இந்த நாட்டில் இவை எல்லாவற்றையும் தீர்மானிப்பது எது? முதலில் உள்ளே வந்தவர்கள் யாரோ, அவர்களைப் போன்றவர்களே அடுத்தும் வருவார்கள். யாரும் மனதறிந்து சாதி பார்க்கத் தேவையில்லை. சாதி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இது பார்ப்பனர்கள் மட்டும் செய்வது என்று நினைத்து நாம் நிம்மதி அடைய வேண்டாம். வேலை வாய்ப்புத் தகவலைத் தங்கள் சாதி இளைஞர்களுக்கு மட்டும் பகிரும் இடைநிலைச் சாதி வாட்ஸ்அப் குழுக்களை நானே பார்த்திருக்கிறேன். காலையில் சமூகநீதி ஸ்டேட்டஸ் வைப்பவர்களும் அவற்றில் இருக்கிறார்கள்.

'எல்லாம் திறமைதான்' என்ற பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்தது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே அளவு தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். பெயரைப் பார்த்தாலே சாதியும் மதமும் தெரியும்படி அனுப்பினார்கள். ஆதிக்கச் சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. திறமை ஒன்றுதான், மாறியது பெயர் மட்டும்.

இன்னொன்று சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசி எழுதியது. தாங்கள் தகுதியை மட்டுமே பார்ப்பதாக அந்த அதிகாரிகள் சொல்கிறார்கள். அவர்களே நேர்காணலில் குடும்பப் பின்னணி பற்றிக் கேட்பது முக்கியம் என்றும் சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று "அப்பா என்ன பண்றார்?" என்ற குரல் என் காதில் மறுபடி கேட்டது.

தமிழ்நாட்டில் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்த மண் இது. அதனால் இங்கே கேள்விகள் சுற்றி வளைத்து வரும். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? நான்-வெஜ் சாப்பிடுவீங்களா? முகவரி மிச்சத்தைச் சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் சொல்லை நீக்கினாலும் கேள்வி நிற்கவில்லை.

கடல் கடந்தாலும் அது நிற்கவில்லை. 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநிலத்தின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. ஒரு தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை அவரது மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், பிறகு அவருடைய வாய்ப்புகள் பறிக்கப்பட்டன என்பது புகார். புகாரை விசாரித்த நிறுவனத்தின் பிரிவு, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று முடிவு செய்ததாகவும் வழக்கு மனு சொன்னது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறையே திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

தீர்ப்பை விட முக்கியமானது அந்த வழக்கு திறந்துவிட்ட வாய்கள். சில வாரங்களில் ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்புக்குத் தொழில்நுட்பத் துறையிலிருந்து 250க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. 30 தலித் பெண் பொறியாளர்கள் பெயர் வெளியிடாமல் கூட்டறிக்கை விட்டார்கள். ஆப்பிள் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. தோல்விகளும் உண்டு. 2022இல் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுளில் பேசவிருந்த கூட்டம் ரத்தானது. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாதிப் பாகுபாடு தடை மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார்.

இப்போது ஆள்குறைப்புக் காலம். 2025இல் டி.சி.எஸ். மட்டும் தன் ஊழியர்களில் 2 விழுக்காடு, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. வேலைகள் குறையும்போது ஒரு இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் ரெஸ்யூமை ஒரு மனிதர் பார்க்க இரண்டு வழிதான். ஒன்று, உள்ளே இருக்கும் ஒருவர் கை காட்ட வேண்டும். இல்லையென்றால் வடிகட்டும் மென்பொருள் உங்களை விட்டுவைக்க வேண்டும்.

அந்த மென்பொருள் நடுநிலையானதா? அமேசான் ஒருமுறை ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண் போடும் கருவியை உருவாக்கியது. பத்து வருட விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவி பெண்களின் ரெஸ்யூமுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. கைவிட்டார்கள், 2018இல் செய்தி வெளியானது. பழைய பழக்கத்தைப் படித்த இயந்திரம் பழைய பழக்கத்தைத்தான் செய்யும். 2025இல் வந்த இன்னொரு செய்தி என்னைத் தூங்க விடவில்லை. தலித் ஆய்வாளர் ஒருவர் தன் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்த சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அது ஆங்கிலத்தைத் திருத்தியதோடு, அவருடைய குடும்பப் பெயரை 'சர்மா' என்று மாற்றிக் கொடுத்தது. ரைஸ் மில்லைச் சொந்த மில்லாக்கிய என் மேலாளர் நினைவுக்கு வந்தார்.

என்ன செய்வது? முதலில், எண்ணிக்கை கேட்போம். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஊழியர்களின் இன, பாலினக் கணக்கை ஆண்டுதோறும் அரசுக்குத் தர வேண்டும். இங்கே செபி விதிப்படி பெரிய 1000 நிறுவனங்கள் பெண் ஊழியர் எத்தனை, மாற்றுத்திறனாளி ஊழியர் எத்தனை என்று அறிக்கை தருகின்றன. சாதிக்கு அப்படி ஒரு கட்டம் இல்லை. எண்ணாத அநீதியை 'ஆதாரம் எங்கே' என்று கேட்டே மூடிவிடலாம். தனியார் துறை இடஒதுக்கீடு நமது இலக்கு. அதற்கு முதல் படி இந்தக் கணக்கு.

அடுத்தது, சங்கம். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. அந்தச் சங்கங்கள் ஆள்குறைப்புக்கு எதிராகப் போராடுகின்றன, நல்லது. வெளியேற்றப்படுபவர் யார் என்று கேட்கும் சங்கம், உள்ளே வரவே முடியாதவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது உங்களுக்கு. உங்களில் சிலர் உள்ளே போவீர்கள். உங்களுக்கும் ஒரு போன் வரும். பயம் வரும், எனக்குத் தெரியும். தன் சாதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. மறைத்து வாழ்பவரைக் குற்றவாளியாக்கவும் மாட்டேன், மறைக்க வைத்தவர்கள்தான் குற்றவாளிகள். ஆனால் அந்தப் படிவத்தை மட்டும் நிரப்புங்கள். ஆதிக்கச் சாதித் தோழர்களே, உங்களுக்கு அந்தப் பயமும் இல்லை. உங்கள் அடுத்த ரெஃபரல் உங்கள் உறவு வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

அந்தத் தம்பி இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று போன வாரம் அவனிடம் கேட்டேன். "சொல்லுக்கா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்க்கா. உங்க கம்பெனில ஆள் எடுக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் போன் பண்ணேன்" என்றான்.