அடிமரம் பருக்கும் விதமும் கம்பிக் கட்டின் தீங்கும்



கிணற்றடி வேப்பமரத்தில் விளக்கு மாட்டுவதற்காக ஆளுயரத்தில் அறைந்த ஆணி, பத்து ஆண்டு கழிந்தும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் கட்டைக்குள் புதைந்து போயிருக்கும். மரம் உயர்வது கொம்புகளின் நுனியில். அடிமரம் பருக்குமேயன்றி நீளுவதில்லை.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லியதோர் உயிர்ப்படலம் உண்டு. தாவர சாஸ்திரிகள் இதனைக் கேம்பியம் என்பர். தளிர்விடும் பருவத்தில் பசுங்கொம்பின் பட்டையை உரித்தால் வழவழப்பாய்க் கைக்குத் தட்டுப்படும் இடம் அதுவே. அப்படலம் உட்புறமாகக் கட்டையையும் வெளிப்புறமாக உட்பட்டையையும் உண்டாக்குகிறது. வேர் உறிஞ்சும் ஜலம் புதுக்கட்டையாகிய வெளிறு வழியே ஏறும். இலை சமைத்த ஆகாரம் உட்பட்டை வழியே இறங்கும். பழங்கட்டை நாளடைவில் உயிரற்று வைரமாகிறது. நடுவே பொந்து விழுந்த புளியமரமும் தவறாமல் காய்ப்பது இதனாலேயே.

பனைக்கும் தென்னைக்கும் இப்படலம் இல்லை. அவற்றில் வைரம் வெளியே இருக்கிறது. வெளியே வைரமுள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வைரமுள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பகுத்தது வியக்கத்தக்கதே. தென்னையில் ஏறுவதற்கு வெட்டிய படி ஒருநாளும் ஆறாது.

இனிக் குடியானவர் கவனிக்க வேண்டியது யாதெனில், கன்றுக்கு முட்டுக்கழி நிறுத்திக் கட்டிய கம்பியைப் பலர் அவிழ்ப்பதே இல்லை. கன்று பருக்கும், கம்பி நெகிழாது. கட்டுக்கு மேலே தண்டு புடைத்துக்கொள்ளும். அதனைச் செழிப்பென்று எண்ணி மகிழ்வோரும் உளர்! உண்மையில் அது இறங்க வழியின்றித் தேங்கிய ஆகாரம். வேரோ பட்டினி கிடக்கிறது. இலை மட்டும் சிலகாலம் பசுமையாகவே நிற்பதால், கன்று பட்டுப்போனபின் பழி கம்பியின்மேல் விழாமல் எருவின்மேலும் தண்ணீரின்மேலும் விழும்.

தோல் பதனிடவும் மருந்துக்கும் மரத்தைச் சுற்றிலும் பட்டை உரிப்பதும் இத்தகையதே. முன்னாளில் பர்மாவில் தேக்கை நின்றபடியே உலர்த்தி ஆற்றில் மிதக்கவிடும் பொருட்டு, அடியில் வெளிறு முழுவதையும் வளையமாக வெட்டிக் கொன்றனர். அங்கே வேண்டுமென்று செய்ததை இங்கே அறியாமல் செய்கின்றனர். பட்டை வேண்டுவோர் ஒரு பக்கத்தில் மட்டும், நெடுக்காக, குறுகிய கீற்றாய் எடுத்தால், ஓரத்திலுள்ள படலம் வளர்ந்து காயத்தை மெல்ல மூடும்.

முட்டுக்கழிக்கு வாழைநாரோ தென்னங்கயிறோ தளர்வாகக் கட்டி, மழைக்கு முன்னும் பின்னும் அவிழ்த்துக் கட்டுதல் நலம். ஏற்கெனவே பதிந்துவிட்ட கம்பியைப் பலமாக இழுக்கலாகாது, உயிர்ப்படலம் கிழியும். வெளியே தெரியும் பகுதியை நறுக்கி, எளிதில் வருவதை மட்டும் எடுக்கவும்.